ஒரே படம், இரண்டு முறை: சுங்கை சிப்புட்டில் ஒரு முறுக்கு ஆர்டர்

2025 தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை இரவு. பக்கத்து வீட்டு அக்கா மாவு படிந்த கையோடு வந்து தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "வந்த பணத்தைக் காணவில்லை, தங்கச்சி" என்றார். வராத பணத்தை அவர் "வந்த பணம்" என்று சொன்னதில்தான் இந்த நிகழ்வின் முடிச்சு முழுவதும் இருக்கிறது. அதை அவிழ்க்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் பெண்கள் பலர் இருப்பதால், நடந்ததை வரிசைப்படி எழுதி வைக்கிறேன்.

சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இன்று கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. அக்கா 22 ஆண்டுகள் பால் வெட்டியவர். தோட்டத்து லயத்தைவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு முறுக்கும் நெய் உருண்டையும் சுட்டு விற்கிறார். ஆர்டர் எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும். கணக்கு எல்லாம் 555 புத்தகத்தில் ஏறும். அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றி மலேசியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மளிகைக் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கிய எல்லாக் குடும்பங்களிலும் அது இருந்திருக்கிறது.

ஆர்டரும் இரண்டு படங்களும்

அக்டோபர் 4, சனிக்கிழமை, ஈப்போவிலிருந்து ஒரு பெண்மணி ஆர்டர் கொடுத்தார். முறுக்கு 30 டின், ஒன்று 15 வெள்ளி (ரிங்கிட்). நெய் உருண்டை 10 டின், ஒன்று 18 வெள்ளி. மொத்தம் 630 வெள்ளி. பாதிப் பணம் முன்னால், மீதிப் பாதி பலகாரத்தை எடுக்கும்போது. இது அக்கா பல ஆண்டுகளாக வைத்திருக்கும் ஏற்பாடு. அன்று மாலையே 315 வெள்ளி டுயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட் வந்தது. பச்சை நிறத்தில் சரி அடையாளம், அதன் கீழே தொகை, அக்காவின் பெயர், பரிமாற்ற எண், கடைசியில் தேதியும் நேரமும். அக்கா புத்தகத்தில் "முன்பணம் 315 வந்தது" என்று எழுதினார். அந்தப் பணம் உண்மையிலேயே வந்திருந்தது.

அக்டோபர் 15, புதன்கிழமை மாலை ஆறு மணியளவில் இரண்டாவது ஸ்கிரீன்ஷாட் வந்தது. மீண்டும் பச்சை அடையாளம், 315 வெள்ளி, அக்காவின் பெயர். அரைமணி நேரத்தில் ஓர் இளைஞர் காரில் வந்து 40 டின்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அக்கா புத்தகத்தில் "மீதி 315 வந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த மாவைப் பிசையப் போய்விட்டார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது யாருக்குத்தான் வங்கிச் செயலியைத் திறந்து, கடவுச்சொல்லை அடித்து, கணக்கைப் பார்க்க நேரம் இருக்கும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் அவருடைய பேத்தி, பாட்டியின் ஆர்டர்களை எல்லாம் ஒரு பட்டியலாக்க உட்கார்ந்தாள். எந்த வீட்டுக்கு எத்தனை டின், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். படங்களைப் பெரிதாகத் திறந்து அவற்றையும் எடுத்தாள். பிறகு வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டாள். ஈப்போ அம்மாளிடமிருந்து ஒரே ஒரு வரவுதான் இருந்தது.

அக்கா அந்த அம்மாளிடம் மரியாதையாகவே கேட்டார். "அனுப்பிவிட்டேன் ஆன்ட்டி, உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அன்று இரவு பத்து மணிக்கு இரண்டாவது படம் உரையாடலில் இல்லை. "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்ற வரி மட்டுமே அங்கே கிடந்தது. அதன் பிறகுதான் அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது

புலனத்தில் அனுப்பியவர், அனுப்பிய செய்தியை இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை எல்லோருக்குமாக அழிக்க முடியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அப்படி அழித்தால் பெறுபவரின் படத்தொகுப்பில் தானாகச் சேமிக்கப்பட்ட பிரதியும் பொதுவாகப் போய்விடும். பேத்தி பட்டியலுக்காக எடுத்த ஸ்கிரீன்ஷாட் அவளுடைய சொந்தக் கோப்பு என்பதால் அதை யாராலும் தொலைவிலிருந்து அழிக்க முடியவில்லை. சான்று சேர்க்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் எடுத்த படம்தான் எங்களிடம் மிஞ்சிய ஒரே தடயம்.

நானும் அவளும் இரண்டு படங்களையும் என் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முதல் படம் முழுமையாக இருந்தது: மேலே மணி, மின்கல அளவு, கீழே தேதி வரை எல்லாமே. இரண்டாவது படம் மேலும் கீழும் வெட்டப்பட்டிருந்தது. மணி இல்லை, தேதி இல்லை. பெயருக்குக் கீழே, விளிம்பில், ஏதோ சிறு கறுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. பெரிதாக்கினோம். அவை எண்களின் தலைப்பகுதி. பரிமாற்ற எண் இருக்கும் வரியின் நடுவே கத்திரி ஓடியிருந்தது. பேத்தி முதல் படத்தின் பரிமாற்ற எண்ணை அதே உயரத்தில் வெட்டிப் பக்கத்தில் வைத்தாள். வளைவுகளும் கொம்புகளும் அச்சு மாறாமல் பொருந்தின. அக்டோபர் 4-இல் அனுப்பிய முன்பணத்தின் படமே 15-ஆம் தேதி மீதிப் பணத்தின் படமாக மறுபடி வந்திருந்தது.

படத்தில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை என்பது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. போலிப் படம் என்றால் எழுத்துருவைப் பார், இடைவெளியைப் பார் என்று சொல்வார்கள். இங்கே எழுத்துரு சரி, நிறம் சரி, பெயர் சரி, தொகையும் சரி. முன்பணமும் மீதியும் ஒரே தொகையாக இருந்ததால், ஒரு படம் இரண்டு வேலை செய்ய முடிந்தது. உற்றுப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையை இந்த நிகழ்வு என்னிடமிருந்து எடுத்துவிட்டது. எங்களுக்கு உதவிய அந்த அரை வரி எண்கூடத் தற்செயல்தான். கத்திரி இன்னும் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஓடியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

வெட்டிய பகுதியை மீட்க முடியாதா என்று பேத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத்திருத்தக் கருவியில் ஒரு குறை வெளிப்பட்டது. அதில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் கோப்பில் பழைய படத்தின் மிச்சம் தங்கியிருந்தது, அதிலிருந்து வெட்டிய பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. அந்தக் குறையை அப்போதே சரிசெய்துவிட்டார்கள். புலனமோ சாதாரணமாக அனுப்பும் படங்களைச் சுருக்கிப் புதிதாக எழுதிவிடுகிறது, பழைய மிச்சம் எதுவும் அதில் வராது. அந்த வழி எங்களுக்கு இல்லை.

யாருடைய புத்தகம்?

என் தந்தை தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்தவர். பால் நிறுக்கும்போது அவர் மெட்ரோலாக் என்ற அளவுக்கருவியை வாளிக்குள் விட்டு ரப்பர் அளவைப் பார்ப்பார், எடையைச் சொல்வார், பேரேட்டில் எழுதுவார். அக்கா போன்றவர்கள் தங்கள் சொந்தத் துண்டுத் தாளில் அதே எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். மாதக் கடைசியில் சம்பளம் குறைந்தால் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பதற்காக. மளிகைக் கடை 555 புத்தகமும் அப்படித்தான்: கடைக்காரரிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று. 1960-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டிய காலத்திலும், எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ரசீதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். எதிராளியின் புத்தகத்தை மட்டும் நம்பும் பழக்கம் இந்த மக்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் ஸ்கிரீன்ஷாட் வந்தபோது அந்தப் பழக்கம் எங்கோ நழுவிவிட்டது. பணம் கொடுத்தவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட், அவருடைய புத்தகத்தின் ஒரு பக்கம். அவர் எந்தப் பக்கத்தைத் திறந்தார், எந்த ஓரத்தை மடித்தார் என்பது அவர் விருப்பம். நம் கணக்கில் வரவு ஏறியதா என்பதை நம் புத்தகம்தான் சொல்லும். இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் நான் அந்தம்மா புத்தகத்தைப் பார்த்து என் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்" என்றார். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

இதே அடிப்படையில், ஏமாற்றும் எண்ணமே இல்லாமலும் தவறு நேரலாம். உறுதி செய்வதற்கு முந்தைய திரையை எடுத்து அனுப்புபவர்கள் உண்டு. இன்னொரு நாளுக்குத் திட்டமிட்ட பரிமாற்றத்தின் படத்தை அனுப்புபவர்களும் உண்டு. "பெர்ஜாயா" (வெற்றி) என்ற சொல் இருக்கிறதா என்று தேடும் அளவுக்கு நம் பெரியவர்களுக்கு மலாய் தெரியும். அது இல்லாத படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் நின்று படிப்பதில்லை, தொகையைப் பார்த்ததும் நிறைவடைந்துவிடுகிறார்கள்.

நம் தரப்பை எப்படிப் பதிவு செய்தோம்

முதலில் பேத்தியின் ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சரிபார்த்தோம். பல படங்களில் உரையாடலின் மேல்பகுதியை அவள் வெட்டியிருந்தாள். மற்றவற்றில் மேலே "ஈப்போ ஆர்டர்" என்ற பெயர் மட்டும். அது அக்கா சேமித்த பெயர். இதன் பலவீனத்தை அவளுக்குக் காட்ட, என் எண்ணை அவள் கைப்பேசியில் "ஈப்போ ஆர்டர்" என்று மாற்றி, அதிலிருந்து "நான் பணம் தரமாட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்பி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. ஒரு நிமிடத்தில் யாரை வேண்டுமானாலும் எதையும் சொன்னவராக ஆக்கிவிடலாம்.

ஆகவே மறுபடியும் எடுத்தோம். தொடர்புப் பக்கத்தைத் திறந்து, தொலைபேசி எண் முழுதாகத் தெரியும்படி ஒன்று. உரையாடலை முதல் செய்தியிலிருந்து கடைசி வரை, ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் முதல் செய்தியாகவும் இருக்கும்படி, இடைவெளி விடாமல். தேதிக் குறியும் மேலே உள்ள மணியும் வெட்டப்படாமல். அழிக்கப்பட்ட செய்தியின் வரியை அதன் நேரத்தோடு தனியாக. அதன் பிறகு புலனத்திலேயே உள்ள உரையாடல் ஏற்றுமதி வசதியால் முழு உரையாடலையும் படங்களோடு ஒரு கோப்பாக மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டோம். மூலப் படங்களை எனக்கு அனுப்பியபோது "ஆவணம்" என்ற வழியில் அனுப்பச் சொன்னேன், அப்படி அனுப்பினால் படம் சுருங்காது.

அக்காவின் வங்கிச் செயலியில் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியவில்லை. சில வங்கிகள் பாதுகாப்புக்காகத் தங்கள் செயலித் திரையைப் பிடிக்க முடியாதபடி செய்து வைப்பதுண்டு. பேத்தி இன்னொரு கைப்பேசியால் அந்தத் திரையைப் படம்பிடிக்கப் போனாள். தடுத்தேன். அதே செயலியிலிருந்து கணக்கறிக்கையைப் பி.டி.எஃப். கோப்பாக இறக்கினோம். தேதிவாரியாக, வங்கியே தயாரித்த ஆவணம், எந்த ஸ்கிரீன்ஷாட்டையும்விட வலுவானது.

இடையில் ஒரு சங்கடம். அக்காவே ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கற்றுக்கொள்ள விரும்பினார். ஆண்ட்ராய்டில் பொதுவான வழி, மின்பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒருசேர அழுத்துவது. பால் வெட்டும் கத்தி பிடித்து வீங்கிய மூட்டுகளுக்கு அந்த "ஒருசேர" கைகூடவில்லை. ஒருமுறை ஒலி குறைந்தது, மறுமுறை திரை அணைந்தது. அமைப்புகளில் தேடி, மூன்று விரலால் திரையைக் கீழ்நோக்கித் தடவினால் படம் எடுக்கும் வசதியை இயக்கினேன். பல சீனக் கைப்பேசிகளில் இது உண்டு. சாம்சங்கில் உள்ளங்கையின் ஓரத்தால் திரையைத் துடைப்பது போல் இழுக்கலாம். ஐபோனில் பக்கப் பொத்தானும் ஒலி கூட்டும் பொத்தானும், அல்லது அமைப்புகளில் இயக்கிவிட்டால் கைப்பேசியின் முதுகைத் தட்டுவது. மூன்றாவது தடவையில் அக்காவுக்குப் பிடிபட்டது. அதன் பிறகு பத்து நிமிடம் தம் முகப்புத் திரையை எடுத்துக்கொண்டே இருந்தார். அந்த மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் நிறைவாக இருந்தது.

சனிக்கிழமை நடந்த தவறு

18-ஆம் தேதி மதியம், அக்காவின் தம்பி மகன் அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தாமான் புலனக் குழுவில் போட்டுவிட்டான். மேலே "மோசடிக்காரி, எச்சரிக்கை" என்று எழுதியிருந்தான். எண்ணை மறைக்கத் திருத்தக் கருவியின் மைக்கோலால் கோடு போட்டிருந்தான். அது ஒளி ஊடுருவும் மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் எண் பளிச்சென்று தெரிந்தது. அந்த அம்மாளின் சுயவிவரப் படத்தில் இருந்த சிறு குழந்தையின் முகமும் அப்படியே போனது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பணம் வராததும் படம் மறுபடி வந்ததும் எங்களிடம் இருந்த உண்மைகள். "மோசடிக்காரி" என்பது நாங்கள் நிரூபிக்காத ஒன்று. அவதூறு வழக்கு ஒருபுறம் இருக்க, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்துள்ள குற்றவியல் சட்டத் திருத்தம், ஒருவரின் அடையாள விவரத்தை அவருக்குத் துன்பம் விளையும்படி பரப்புவதையும் குற்றமாக்கியிருக்கிறது. வாங்க வேண்டிய 315 வெள்ளிக்காக நம் வீட்டுப் பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்பதா? அவனைக் கூப்பிட்டு நீக்கச் சொன்னேன். முணுமுணுத்தான், ஆனால் நீக்கினான். அதற்குள் எத்தனை பேர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் புலனம் யாருக்கும் அறிவிப்பதில்லை. மறைக்க வேண்டியதை முழுக் கறுப்புக் கட்டத்தால் மூட வேண்டும், அல்லது வெட்டிவிட வேண்டும் என்று அவனுக்கும் காட்டிக்கொடுத்தேன்.

அந்தச் சாக்கில் அக்காவின் படத்தொகுப்பையும் பார்த்தோம். மைகாட் அடையாள அட்டையின் இருபுறமும், சேமநிதிக் கணக்குப் பக்கம், அரசின் சாரா உதவித்தொகை 100 வெள்ளி இருக்கிறதா என்று சோதித்த பக்கம், எல்லாமே அங்கே கிடந்தன. சாரா பக்கத்தை அடையாள அட்டை எண்ணோடு குடும்பக் குழுவுக்கும் அனுப்பியிருந்தார். அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக்கில் பிறந்தவர்களுக்கு 08), கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய ஸ்பார்க்கேட் என்ற தீங்குநிரல், கைப்பேசியின் படத்தொகுப்பில் உள்ள ஸ்கிரீன்ஷாட்டுகளில் இருக்கும் எழுத்தைப் படித்து கிரிப்டோ நாணயப் பணப்பைகளின் மீட்புச் சொற்களைத் திருடியது. கூகுள், ஆப்பிள் கடைகளில் கிடைத்த செயலிகளிலேயே அது இருந்தது. வேலை முடிந்த படங்களை அக்கா அன்றே அழித்தார், குப்பைத் தொட்டிக் கோப்புறையிலிருந்தும்.

முடிவு

காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் ஒரு செய்தி அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். நான் எழுதிக் கொடுத்தேன்: "வணக்கம் அம்மா. 4-ஆம் தேதி 315 வெள்ளி வந்தது. 15-ஆம் தேதி எதுவும் வரவில்லை, கணக்கறிக்கை இணைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களும் கீழே உள்ளன. இரண்டாவது படம் முதல் படம் போலவே தெரிகிறது. பார்த்துச் சொல்லுங்கள்." வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

பணம் வராமல் போயிருந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தோம். 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண், நம் கணக்கிலிருந்து பணம் மோசடிக்காரருக்குப் போய்விட்டால் அதைத் தடுத்து நிறுத்துவதற்கானது. அக்காவிடமிருந்து போனது பலகாரம், பணம் போகவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றம் வாங்குபவர்களுக்கானது, விற்பவருக்கு அங்கே இடம் இல்லை. ஏமாற்றிப் பொருளைப் பெறுவது குற்றவியல் சட்டத்தின் 420-ஆவது பிரிவில் வரும், ஆகவே காவல்துறைப் புகார் ஒரு வழி. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை இன்னொரு வழி: 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமல். கணினி வழி உருவாகும் ஆவணங்களைச் சான்றாக ஏற்க 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 90ஏ பிரிவில் வழி வகுத்திருக்கிறது. ஆனால் நீதிமன்றம் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு மூல உரையாடல் உள்ள கைப்பேசி கையில் இருக்க வேண்டும். பேத்தி அதைப் புதிதாக மாற்றலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறு என்றேன்.

19-ஆம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள் மாலை, பதில் வந்தது. தங்கை தவறான படத்தை அனுப்பிவிட்டாள், மன்னியுங்கள் ஆன்ட்டி என்றிருந்தது. கூடவே 315 வெள்ளிக்கான ஒரு ஸ்கிரீன்ஷாட், இந்த முறை மணி முதல் தேதி வரை முழுமையாக. தங்கை அனுப்பியது உண்மையா, அப்படியானால் படத்தை ஏன் அழித்தார்கள் என்று பேத்தி கேட்டாள். எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் தீர்ப்பு எழுத மாட்டேன் என்றேன். அவளுக்கு அது போதவில்லை.

அக்கா அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்து, வங்கிச் செயலிக்குள் போனார். இரண்டு முறை கடவுச்சொல் தவறியது. மூன்றாவது முறை கணக்கு திறந்தது, வரவு இருந்தது. 555 புத்தகத்தில் பழைய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் "19/10, என் கணக்கில் பார்த்தேன், 315" என்று எழுதினார். பொங்கல் ஆர்டருக்கு வாங்கிய புதுப் புத்தகத்தில் இப்போது இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறார். ஒன்றின் மேல் "படம்", மற்றதன் மேல் "பணம்". முன்பணமும் இனிப் பாதிக்குப் பாதி இல்லை, 630-க்கு 250 என்று கேட்கிறார்.